பழைய எலெக்ட்ரிக் கிட்டாரின் தேய்ந்த உலோகப் பாகங்களைச் சீராக்கும் முறை

பயன்படுத்திய எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்க வருபவர்கள் பெரும்பாலும் அதன் நிறத்தையும் கழுத்தின் நேர்த்தியையும் பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தக் கிட்டார் சுருதியில் நிலைத்து நிற்குமா, கம்பிகள் அடிக்கடி அறுந்துபோகுமா, ஆம்ப்ளிஃபையரில் இணைத்தால் கரகரக்குமா என்பதையெல்லாம் தீர்மானிப்பவை பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி), சேடில்கள் (பிரிட்ஜின் மேல் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சிறு துண்டுகள்), டியூனிங் கீகள் (சுருதி சேர்க்கக் கம்பியை முறுக்குபவை), ஜாக் (கேபிளைச் செருகும் இடம்), வால்யூம் கன்ட்ரோல், இவற்றைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்க்ரூக்கள் ஆகிய சிறு பாகங்கள். வியர்வையின் உப்பும் கடலோர ஊர்களின் ஈரக்காற்றும் முதலில் தாக்குவதும் இவற்றைத்தான். நல்ல செய்தி என்னவென்றால், இவற்றில் பெரும்பாலானவற்றைச் சில எளிய கருவிகளுடன் வீட்டிலேயே சரிசெய்துவிட முடியும்.

இந்தக் கட்டுரை ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டுள்ளது. ஃபெண்டர் நிறுவனம் 1954இல் அறிமுகப்படுத்திய அந்த வடிவத்தைப் பின்பற்றியே ஸ்க்வையர், யமஹா பசிஃபிகா உள்ளிட்ட எத்தனையோ கிட்டார்கள் வந்துள்ளன. பழைய கிட்டார் விற்பனையில் புதியவர்களின் கைக்கு அதிகம் வந்து சேர்பவையும் இவையே. கம்பிகளின் சுருதியை ஏற்றி இறக்க ஆட்டக்கூடிய டிரெமோலோ பிரிட்ஜ் இருப்பதால் இந்த வகையில் உலோகப் பாகங்களும் அதிகம். இதைச் சீராக்கக் கற்றுக்கொண்டவருக்கு டெலிகாஸ்டர், லெஸ் பால் போன்ற பிற கிட்டார் வகைகளும் கடினமாக இருக்காது.

முதலில் சேதத்தின் தன்மையை அறிதல்

உலோகப் பாகத்தில் நாம் காணும் கோளாறுகள் நான்கு வகைப்படும்: மேலே படிந்த அழுக்கு, துரு அல்லது களிம்பு, முலாம் உரிந்துபோதல், உலோகமே தேய்ந்துபோதல். முதல் இரண்டையும் நீக்கிவிடலாம். முலாம் உரிந்துபோனால் அதை வீட்டில் திரும்பக் கொண்டுவர முடியாது; முலாம் பூசும் பட்டறைகளில் கொடுத்தால், பூசுவதற்கு முன் பாகத்தை நன்றாகத் தேய்த்துச் சமன்செய்வார்கள் என்பதால் சேடில் போன்ற சிறு பாகங்களின் விளிம்புகளும் மரைகளும் கெட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. முலாம் உரிந்த பாகம் தன் வேலையைச் சரியாகச் செய்யுமானால், அதைச் சுத்தம்செய்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. நான்காவது வகைக்கு, அதாவது பல்சக்கரத்தின் பல்லோ ஸ்க்ரூவின் மரையோ தேய்ந்துபோனதற்கு, மாற்றுப் பாகம் ஒன்றே வழி.

கையில் இருப்பது உண்மையிலேயே மிகப் பழைய கிட்டாராக இருந்தால் வேலையைத் தொடங்காமல் இருப்பதே பல நேரங்களில் சரியான முடிவு. 1965 தொடக்கத்தில் ஃபெண்டர் நிறுவனம் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்துக்குக் கைமாறியது. அதற்கு முன் தயாரான கிட்டார்களைச் சேகரிப்பவர்கள் அதன் ஸ்க்ரூவையும் நிறம் மங்கிய முலாமையும்கூட மதிப்பின் ஒரு பகுதியாகவே கருதுகிறார்கள். அத்தகைய கிட்டாரில் பாகங்களைப் பாலிஷ் செய்வதும் மாற்றுவதும் அதன் விலையைக் குறைத்துவிடும். எந்தக் கிட்டாராக இருந்தாலும், கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டுக் கிட்டாருடனேயே வைத்திருங்கள்.

கழற்றுவதற்கு முன்

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்குமுன் கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் இணைத்துப் பத்து நிமிடமாவது வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு குமிழையும் முழுவதுமாகத் திருப்பி எங்கே கரகரப்பு வருகிறது என்று கவனியுங்கள். கேபிளின் பிளக்கை ஜாக்கில் மெல்ல அசைத்துப் பாருங்கள். டியூனிங் கீயைச் சற்றுத் தளர்த்திவிட்டு மீண்டும் முறுக்கும்போது, கம்பியின் சுருதி உடனே மாறுகிறதா அல்லது கீ கொஞ்ச தூரம் வெறுமனே சுழன்ற பிறகுதான் மாறுகிறதா என்று ஆறு கீகளிலும் சோதியுங்கள். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு வாசிக்கும்போது எங்காவது உலோகம் அதிரும் ‘கிர்’ ஓசை கேட்டால், ஒவ்வொரு பாகத்தையும் விரலால் அழுத்திப் பார்த்து, எதை அழுத்தினால் ஓசை நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வது முக்கியம். கழற்றிய பிறகு இந்தச் சோதனைகளைச் செய்ய முடியாது.

அடுத்து, பிரிட்ஜில் ஒவ்வொரு சேடிலும் எந்த இடத்தில், எந்த உயரத்தில் இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்படி மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 17ஆவது ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஃப்ரெட்டின் மேற்பரப்புக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கம்பிகளை நறுக்கென்று வெட்டிவிடாதீர்கள். டிரெமோலோ பிரிட்ஜைக் கம்பிகள் ஒரு பக்கமும், பின்புறக் குழியில் உள்ள ஸ்பிரிங்குகள் மறுபக்கமும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. கம்பிகளின் இழுவை திடீரென்று போனால் பிரிட்ஜ் வேகமாகப் பின்னோக்கிச் சாய்ந்து மரத்தில் மோதும். எல்லாக் கம்பிகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, முழுவதும் தொய்ந்த பிறகே கழற்ற வேண்டும். அதன்பின் பின்பக்க மூடியைத் திறந்து ஸ்பிரிங்குகளை எடுத்துவிடலாம்.

ஸ்க்ரூக்களைச் சேர்த்து ஒரே கிண்ணத்தில் போட்டால் பிறகு குழப்பம் வரும். ஒரு கெட்டி அட்டையில் கிட்டாரின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். உடலின் முன்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டின் ஸ்க்ரூக்கள் மட்டுமே பெரும்பாலான ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் பதினொன்று இருக்கும். டியூனிங் கீயைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களோ மிகச் சிறியவை. நீளமான ஸ்க்ரூ ஒன்றைத் தவறான துளையில் முறுக்கினால் மரத்தைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் எட்டிப் பார்க்கும் அபாயம் கழுத்தின் தலைப்பகுதியில் உண்டு.

முறுக்க மறுக்கும் ஸ்க்ரூக்கள்

பழைய கிட்டாரில் மிக அதிகமாகப் பாழாவது ஸ்க்ரூவின் தலைதான். காரணம் பெரும்பாலும் பொருந்தாத ஸ்க்ரூ டிரைவர். நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களுக்கு 1ஆம் எண், 2ஆம் எண் என இரண்டு அளவு நுனிகளும் தேவை. நுனி தலைக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். ஜப்பானில் தயாரான பழைய கிட்டார்களில் ஜப்பானியத் தர அளவு ஸ்க்ரூக்கள் இருக்கலாம். அவை பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் சாதாரண நுனி அவற்றில் முழுமையாக இறங்காமல் நழுவும். அதற்கென்று உள்ள நுனியை வாங்கிக்கொள்வது, தலையைச் சிதைத்துவிட்டுப் பின் துளையிட்டு எடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

மரத்தில் துருப்பிடித்து இறுகிய ஸ்க்ரூவுக்கு, சூடான சால்டரிங் அயர்னின் நுனியை அதன் தலையில் அரை நிமிடம் வைத்துவிட்டு, ஆறிய பின் முறுக்கிப் பாருங்கள். வெப்பத்தில் உலோகம் விரிந்து சுருங்குவதால் துருவின் பிடி தளரும். பிளாஸ்டிக் பிக்கார்டின் மீதுள்ள ஸ்க்ரூக்களுக்கு இந்த முறை கூடாது, பிளாஸ்டிக் உருகிவிடும்.

சேடிலின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தலையில்லாத சிறு ஸ்க்ரூக்கள் தனிக் கவனம் பெற வேண்டியவை. வியர்வை நேராக இவற்றின் மீதுதான் வடிகிறது. அமெரிக்கத் தயாரிப்புகள் பலவற்றில் இவற்றுக்கு 0.050 அங்குல, அதாவது 1.27 மி.மீ. அலன் கீ தேவைப்படும். ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 1.5 மி.மீ. பொருந்தும். சற்றே சிறிய கீயைப் போட்டுத் திருப்பினால் அறுகோணக் குழி வட்டமாகத் தேய்ந்துவிடும். குழிக்குள் இறுகிய அழுக்கை முதலில் ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, சேடிலைப் பிரிட்ஜிலிருந்து தனியாகக் கழற்றி, மரையில் ஒரு சொட்டு ஊடுருவும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் வையுங்கள். காலையில் முதலில் சற்று இறுக்கும் திசையில் அசைத்துவிட்டுப் பின் தளர்த்தினால் பெரும்பாலானவை வழிக்கு வரும். குழி ஏற்கெனவே வட்டமாகிவிட்டிருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். ஸ்க்ரூவின் அடிநுனி சேடிலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். சேடிலைத் தலைகீழாகப் பிடித்து, அந்த நுனியை மூக்குக் குறடால் பற்றி, வழக்கமாக ஸ்க்ரூவைக் கழற்றும் திசையில் சுழற்றினால், அதற்குத் தலை கிடையாது என்பதால் அடிப்பக்கமாகவே முழுவதும் வெளியே வந்துவிடும். இந்தச் சிறு ஸ்க்ரூக்கள் விலை குறைந்தவை. தேய்ந்தவற்றை மீண்டும் போடாமல் புதியவற்றைப் போடுங்கள்.

எந்த உலோகம் என்று தெரிந்த பின்பே சுத்தம்

சுத்தம்செய்வதில் நடக்கும் பெரிய பிழைகள் எல்லாம் உலோகத்தை அறியாமல் எதிலாவது ஊறவைப்பதால் வருபவை. முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். உறுதியாக ஒட்டிக்கொண்டால் அது எஃகு. ஒட்டாவிட்டால் பித்தளையாகவோ துத்தநாகக் கலவை வார்ப்பாகவோ இருக்கும். நிக்கல் முலாம் காந்தத்துக்கு இலேசாக அசையக்கூடும் என்பதால், மெல்லிய ஈர்ப்பை மட்டும் வைத்து எஃகு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முலாம் உரிந்த இடத்தின் நிறம் இன்னும் தெளிவாகச் சொல்லும்: மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, பழுப்புத் துரு படிந்திருந்தால் எஃகு, மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் துத்தநாகக் கலவை.

எந்த உலோகமானாலும் முதல் கழுவல் ஒன்றுதான். கழற்றிய பாகங்களை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து சிறிது நேரம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல நீரில் அலசி, துணியால் துடைத்து, ஹேர் டிரையரால் மரைகளுக்குள் இருக்கும் ஈரத்தையும் உலர்த்துங்கள். துருவென்று நினைத்ததில் பெரும்பகுதி வியர்வையும் தூசியும் கலந்த பிசுக்கு என்பது இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும்.

முலாம் போய்த் துருவேறிய எஃகுச் சேடில்களையும் ஸ்க்ரூக்களையும் வெள்ளை வினிகரில் சில மணி நேரம் ஊறவைக்கலாம். அவ்வப்போது எடுத்துப் பார்த்து, துரு கரைந்து பிரஷ்ஷுக்கு உதிரத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். வெளியே எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் முக்கினால் எஞ்சிய அமிலம் முறியும். அதன்பின் அலசி, உடனே உலர்த்தி, தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். இந்தக் கடைசி வேலையைத் தள்ளிப்போட்டால், சுத்தமான எஃகின் மீது அன்றே புதிய துரு படரத் தொடங்கிவிடும். துத்தநாகக் கலவைப் பாகங்களை வினிகரில் போடவே கூடாது. அமிலம் அந்த உலோகத்தையே அரித்து, பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடும். டிரெமோலோ ஸ்பிரிங்குகளையும் அமிலத்தில் ஊறவைக்காதீர்கள். கடினப்படுத்திய எஃகு அமிலத்தில் நொறுங்கும் தன்மையைப் பெறக்கூடும். எண்ணெய்த் துணியால் துடைத்தாலே ஸ்பிரிங்குக்குப் போதுமானது.

தொடக்கக் கால டெலிகாஸ்டரில் இருந்ததைப் போன்ற முலாமில்லாத பித்தளைச் சேடில்களுக்கு, வீட்டில் குத்துவிளக்கைத் துலக்கும் புளியே போதும். அதுவும் அமிலம்தான் என்பதால் நன்றாக அலசி உலர்த்துவது அவசியம்.

குரோம் முலாமின் மீது தூவினாற்போலத் தெரியும் துருப்புள்ளிகளுக்கு, சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்து மெல்லத் தேய்ப்பது நல்ல வழி. குரோமைவிட அலுமினியம் மென்மையானது என்பதால் கீறல் விழாது. நிக்கல் முலாம் காலப்போக்கில் பனி படர்ந்ததுபோல மங்கும். அதற்குப் பிராசோ போன்ற பாலிஷை மிகக் குறைவாக, மென்மையான துணியில் தொட்டுப் பயன்படுத்தலாம். தங்க முலாமைப் பாலிஷால் தொடவே கூடாது. அந்தப் படலம் மிக மெல்லியது. அழுக்கோடு தங்கமும் சேர்ந்து துணிக்கு வந்துவிடும். சோப்பு நீர் மட்டுமே அதற்கு.

மிக நுண்ணிய இரும்பு நார் துருவை நன்றாக எடுக்கும் என்றாலும், அதைக் கிட்டாரின் அருகில் வைத்துப் பயன்படுத்தாதீர்கள். உதிரும் துகள்களைக் கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பின் காந்தங்கள் இழுத்துக்கொள்ளும். அவற்றை முழுமையாக எடுப்பது எளிதன்று. வேறு அறையில், கீழே தாள் விரித்துத் தேய்த்துவிட்டு, கையைக் கழுவிய பிறகே கிட்டாரைத் தொடுங்கள்.

பிரிட்ஜும் சேடில்களும்

சுத்தமான சேடிலைத் தூய வெளிச்சத்தில், முடிந்தால் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக, கம்பி உட்காரும் இடத்தில் உற்றுப் பாருங்கள். கம்பி அழுந்தி அழுந்தி ஒரு சிறு பள்ளம் உருவாகியிருக்கும். அந்தப் பள்ளத்தின் விளிம்பில் கூரான பிசிர் இருந்தால், ஒரே கம்பி மீண்டும் மீண்டும் அதே இடத்தில் அறுந்துகொண்டிருப்பதற்குக் காரணம் அதுவே. 1000 எண் உப்புத்தாளை மெல்லிய பட்டையாக வெட்டி, பள்ளத்தின் திசையிலேயே சில முறை இழுத்து, விரல் நகத்தால் தடவினால் எதுவும் தட்டாத அளவுக்கு மழுப்புங்கள். பள்ளத்தை ஆழமாக்குவது நோக்கமன்று. கம்பி பக்கவாட்டில் நகரும் அளவுக்குப் பள்ளம் அகன்றுபோயிருந்தால் சேடிலை மாற்றிவிடுங்கள்.

பழைய பாணி டிரெமோலோவின் தகட்டை முன்விளிம்பில் ஆறு ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கின்றன. தகடு அவற்றின் மீது சாய்ந்து ஆடுகிறது. ஸ்க்ரூவின் கழுத்தில் தகடு உராய்ந்த தடம் பள்ளமாகியிருந்தால், டிரெமோலோவைப் பயன்படுத்திய பின் தகடு அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பாது. சுருதி கலைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆறையும் மாற்றிவிடலாம். பொருத்தும்போது ஆறையும் இறுக்கித் தகட்டை நெருக்கிவிடக் கூடாது. இரண்டு ஓர ஸ்க்ரூக்கள் தகட்டைத் தொடும் அளவுக்கு இறங்கி, தகடு தடையின்றிச் சாயும்படி ஒரு துளி தளர்ந்திருக்க, நடுவில் உள்ள நான்கும் அவற்றைவிடச் சற்று உயர்ந்தே இருக்கட்டும். இரண்டு தூண்களின் மீது கத்திமுனை போன்ற விளிம்பால் நிற்கும் நவீன வகையில், அந்த விளிம்பு மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மழுங்கியதை அரத்தால் கூராக்க முயல்வது புதியவர்களுக்கு ஏற்றதன்று. உராயும் இடங்களில் சிறிதளவு வாசலின் தடவுவது இரு வகைக்கும் நல்லது.

டியூனிங் கீகள்

சுருதி நிற்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் பழிசுமத்துவது டியூனிங் கீயின் மீதுதான். பல நேரங்களில் குற்றம் கம்பி சுற்றிய விதத்திலோ கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் ‘நட்’ என்ற பட்டையின் பள்ளத்தில் கம்பி சிக்குவதிலோ இருக்கிறது. எனவே புதிய கீ வாங்குவதற்கு முன் இருக்கும் கீயின் பிடிப்புகளைச் சோதியுங்கள். தலைப்பகுதியின் முன்பக்கத்தில் அறுகோண நட்டு இருந்தால் அது தளர்ந்திருக்கலாம், 10 மி.மீ. ஸ்பானரால் ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கீயைத் திருப்பும் காதின் முனையில் சிறு ஸ்க்ரூ இருந்தால், அது காதின் இறுக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. கால் சுற்று இறுக்கினாலே வித்தியாசம் தெரியும்.

பல்சக்கரம் வெளியே தெரியும் வகையாக இருந்தால் பிரஷ்ஷால் தூசியை அகற்றி, பற்களில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டுக் கீயை முன்னும் பின்னும் சில முறை சுழற்றுங்கள். க்ளூசன் பாணிக் கீகளில் பின்மூடியில் ஒரு சிறு துளை இருக்கும். அது எண்ணெய் விடுவதற்கென்றே உள்ளது. மூடிய வார்ப்பு வகைக் கீகளுக்குள் கிரீஸ் ஏற்கெனவே அடைக்கப்பட்டிருப்பதால் அவற்றைத் திறக்க வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் கீ வெறுமனே சுழலுமானால் பற்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். மாற்றுக் கீ வாங்கும்போது தலைப்பகுதித் துளையின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள்: பழைய பாணிக்கு ஏறத்தாழ 8.7 மி.மீ., நவீன வகைக்கு 10 மி.மீ. பின்பக்க ஸ்க்ரூ துளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதையும் ஒப்பிட்டு வாங்கினால் மரத்தில் புதிதாகத் துளையிட வேண்டியிருக்காது.

ஜாக், குமிழ்கள், ஸ்விட்ச்

ஜாக்கின் நட்டு தளர்ந்திருப்பதைக் கண்டதும் வெளியிலிருந்து ஸ்பானரால் இறுக்கிவிடும் பழக்கம் பலருக்கும் உண்டு. அப்போது உள்ளே ஜாக் முழுவதும் சேர்ந்து சுழன்று ஒயர்களை முறுக்கி அறுத்துவிடுகிறது. ஜாக் தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி வெளியே எடுத்து, உட்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். பிளக்கின் நுனியைப் பிடிக்கும் வளைந்த தகடு தளர்ந்திருந்தால் சற்று உள்நோக்கி வளைத்துவிடலாம். உட்புறக் கறுப்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள்.

கரகரக்கும் வால்யூம், டோன் கன்ட்ரோல்களுக்கு எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் வேண்டும். பிக்கார்டைத் திருப்பிப் பார்த்தால் கன்ட்ரோலின் உலோகக் கூட்டில், கால்கள் வெளிவரும் இடத்துக்கு மேல் ஒரு திறப்பு தெரியும். அதனுள் கிளீனரின் குழாயை நுழைத்து ஒரு சிறு பீய்ச்சல் கொடுத்து, குமிழை இரு முனைக்கும் இருபது, முப்பது முறை திருப்புங்கள். ஐந்து நிலை ஸ்விட்ச்சின் தொடர்புப் பட்டைகளுக்கும் இதுவே செய்முறை. துரு நீக்க வீட்டில் வைத்திருக்கும் சாதாரண டபிள்யூடி-40ஐ இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டி, சில காலத்தில் கரகரப்பு திரும்பிவிடும். கிளீனருக்கும் அடங்காத கன்ட்ரோலை மல்டிமீட்டரால் அளந்து பார்த்து மாற்ற வேண்டும். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்புகளுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம். புதியதை வாங்கும்போது பிக்கார்டுத் துளையின் அகலத்தையும் பாருங்கள். அமெரிக்க வகைக்கு ஏறத்தாழ 9.5 மி.மீ. துளை, சிறிய ஆசிய வகைக்கு 7 அல்லது 8 மி.மீ.

பிரிட்ஜின் தரை இணைப்பையும் இப்போதே சோதித்துவிடுங்கள். பின்புறக் குழியில் ஸ்பிரிங்குகளைப் பிடிக்கும் கொக்கித் தகட்டில் ஒரு ஒயர் ஈயப்பற்று வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பற்று துருவினால் விடுபட்டிருந்தால் கிட்டார் ஓயாமல் இரையும். பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளிவளையத்துக்கும் இடையே மல்டிமீட்டர் ஓரிரு ஓமுக்கு மேல் காட்டக் கூடாது. இந்த இணைப்பின் வழியாகக் கம்பிகள் ஆம்ப்ளிஃபையரின் உலோகக் கூட்டோடு தொடர்பில் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். ஆம்ப்ளிஃபையருக்கு எர்த் இல்லாமலிருந்து அதற்குள் மின்கசிவும் ஏற்பட்டால், அந்த மின்சாரம் கம்பியைத் தொட்டிருக்கும் விரலுக்கு வரும். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டோ எர்த் இல்லாத பிளக் பாயின்ட்டிலோ ஒருபோதும் வாசிக்காதீர்கள்.

மரத்தில் பிடிப்பு இழந்த துளைகள்

ஸ்ட்ராப்பை மாட்டும் பொத்தான் முறுக்கியும் முறுக்கியும் இறுகாமல் சுழன்றுகொண்டே இருந்தால், மரத்தின் மரை போய்விட்டது. மூங்கில் பல்குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளை நிறையும் வரை செருகி, நீட்டியவற்றை மேற்பரப்போடு வெட்டி, ஓர் இரவு காயவிடுங்கள். ஸ்க்ரூவைவிட மெல்லிய துளைக்கும் ஊசியால் புதிய துளையிட்டு, ஸ்க்ரூவின் மரையில் மெழுகு தடவி முறுக்குங்கள். தீக்குச்சி பிக்கார்டுத் துளைக்குப் போதும். ஸ்ட்ராப் பொத்தானுக்கு அது மிக மென்மையானது. டிரெமோலோவின் ஆறு ஸ்க்ரூ துளைகள் தளர்ந்திருந்தாலோ, குச்சிகளால் நிரப்புவது நிற்காது. அவற்றை அகலப்படுத்தி, கடினமர உருளையை ஒட்டி, சரியான இடத்தில் மறுபடி துளையிட வேண்டும். துளை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் தகடு பொருந்தாது என்பதால் இதை அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுப்பது நல்லது.

பிரிட்ஜையே மாற்றுவதென்று முடிவெடுத்தால், முதல் ஸ்க்ரூவின் மையத்திலிருந்து ஆறாவதன் மையம் வரை அளந்த பின்பே வாங்குங்கள். பழைய அமெரிக்க அளவு சுமார் 56 மி.மீ.; ஆசியத் தயாரிப்புகள் பலவற்றில் 52.5 மி.மீ. உடலின் தடிமனையும் அளக்க வேண்டும், ஏனெனில் மெல்லிய உடலில், பிரிட்ஜின் அடியில் பொருத்திய நீளமான டிரெமோலோ கட்டை பின்பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

மீண்டும் பொருத்துதல்

மரத்தில் ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் அதை இடப்பக்கமாக மெல்லச் சுழற்றுங்கள். பழைய மரையில் நழுவி விழும் ஒரு சிறு ‘டிக்’ விரலுக்குத் தெரியும். அதன்பின் வலப்பக்கம் முறுக்கினால் புதிய மரை வெட்டாமல் பழைய வழியிலேயே இறங்கும். பல பழைய கிட்டார்களில் துளைகள் பிடிப்பு இழந்ததற்கு இதைச் செய்யாததே காரணம்.

கழுத்துமுனை நட் பட்டையின் பள்ளங்களில் மென்மையான பென்சிலின் கரியைத் தேய்த்துவிட்டு, புதிய கம்பிகளைப் போட்டு, ஒவ்வொன்றையும் கையால் மெல்ல இழுத்து இழுத்துச் சுருதி சேருங்கள். 9 முதல் 42 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன்) மெல்லிய கம்பித் தொகுப்புக்கு மூன்று ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் போதும். பிரிட்ஜ் மேலே தூக்கினால் பின்புறக் கொக்கித் தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்களையும் சமமாக இறுக்கியும், பின்னோக்கி அழுந்தினால் தளர்த்தியும், ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்துப் பார்த்துச் சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். 17ஆவது ஃப்ரெட்டில் சுமார் 1.6 மி.மீ. உயரத்தில் தொடங்கி, கம்பி ஃப்ரெட்டில் உரசி இரைந்தால் சேடிலைச் சற்று உயர்த்துங்கள். உயர ஸ்க்ரூ சேடிலுக்கு மேலே நீட்டி உள்ளங்கையைக் குத்துமானால் அதைவிடக் குறைந்த நீளமுள்ளதைப் போடுங்கள்.

இன்டொனேஷனுக்கு, அதாவது கழுத்து முழுவதும் சுருதி சரியாக ஒலிக்க, 12ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டும் ஒலி) அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைக் கழுத்திலிருந்து விலக்கிப் பின்னோக்கி நகர்த்துங்கள். இறங்கியிருந்தால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள். எடுத்துவைத்த படம் இந்த இடத்தில்தான் உதவுகிறது: பழைய நிலையிலிருந்து தொடங்கினால் சிறு திருத்தங்களிலேயே வேலை முடிந்துவிடும்.

ஒரு வாரம் வாசித்த பிறகு ஜாக்கின் நட்டு, டியூனிங் கீகளின் நட்டுகள், ஸ்ட்ராப் பொத்தான்கள், சேடிலின் உயர ஸ்க்ரூக்கள் ஆகியவற்றை மீண்டும் ஒருமுறை சோதியுங்கள். புதிதாக உட்கார்ந்த பாகங்கள் அதிர்வில் சற்றுத் தளர்வது இயல்பு. ஜாக்கின் நட்டு மட்டும் திரும்பத் திரும்பத் தளர்ந்தால், தகட்டின் உட்பக்கம் ஜாக்குக்கும் தகட்டுக்கும் இடையே பற்களுள்ள வாஷர் ஒன்றைப் போட்டு இறுக்குங்கள்.